வெறும் டாக்டர்

"எதுல ஸ்பெஷலிஸ்ட் ஆகப் போறேன்னு கேட்டா, இன்னும் தீர்மானம் பண்ணலைன்னு சொல்லு. தேனி கீனின்னு வாயைத் திறக்காதே" என்று அம்பி மகளை மறுபடியும் எச்சரித்தார்.

மகள் ஹம்சா டாக்டர். படிப்பை முடித்து, மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சியும் முடித்தவள். மேலே படிக்கக் கண், காது, இதயம் என்று எவ்வளவோ இருக்க, இந்தப் பெண் தேனிப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் குடும்ப மருத்துவம் படிக்க இடம் வாங்கி வைத்திருந்தது. மூன்று வருஷம் அங்கேயே தங்கிப் பயிற்சி. அதன் பிறகும் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுக்கிற டாக்டர்தான். மயிலாப்பூரில் இதை வெளியே சொல்ல முடியுமா?

அன்று பெண் பார்க்க வருகிறார்கள். பையன் அனிருத்துக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை.

"அவா சரின்னா நீ அமெரிக்கா போறே. வேண்டாம்னா தேனிக்குப் போ, நான் குறுக்கே நிக்கலை" என்று அம்பி சொல்லியிருந்தார். அமெரிக்காதான் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

வந்தார்கள். பையன் அதிகம் பேசவில்லை. அவனுக்கும் சேர்த்து அவன் அப்பா பரத்வாஜ் பேசினார், தன் டாக்டர்களைப் பற்றி. இதயத்துக்கு தி.நகரில் ஒருவர், சர்க்கரைக்கு அடையாறில் ஒருவர், முழங்காலுக்கு லஸ் பக்கம் ஒருவர், வயிற்றுக்கு இன்னொருவர். ஜுரம் வந்தால் மட்டும் யாரிடம் போவதென்று தெரியாமல் மிளகுக் கஷாயத்தோடு படுத்திருப்பாராம்.

"ஒருத்தர்கிட்ட இன்னொருத்தர் பேரையே எடுக்க மாட்டேன். ஒரு கச்சேரியில உட்கார்ந்துண்டு பக்கத்து சபா வித்வானைப் புகழற மாதிரி ஆயிடாதோ? மரியாதைன்னு ஒண்ணு இருக்கே."

அம்பி பயபக்தியோடு தலையாட்டினார். வீட்டுக்கு ஒரு டாக்டர் வைத்துக்கொள்ளவே பலருக்கு வக்கில்லாத ஊரில், உறுப்புக்கு ஒரு டாக்டர் வைத்திருக்கிற சம்பந்தி.

கை கழுவ எழுந்த பரத்வாஜ் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, வயசாகிறதோல்லியோ என்று சிரித்தார்.

ஹம்சா சிரிக்கவில்லை. அவரை உட்காரவைத்து நாடி பார்த்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே மாமனாரின் கையைப் பிடித்ததைக் கண்டு அவள் அம்மாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. எப்போதிலிருந்து இப்படி, எழுந்தால் மட்டுமா, தூக்கம் வருகிறதா, மனசில் ஏதாவது கவலையா என்று ஹம்சா ஒவ்வொன்றாகக் கேட்டாள். பரத்வாஜ் முதலில் முறைத்தார். பிறகு பதில் சொன்னார். அப்புறம் நிறுத்தவே இல்லை. பையன் அமெரிக்கா போனதிலிருந்து வீட்டில் வாய்விட்டுப் பேச ஆளில்லை என்பது வரை வந்துவிட்டது. அவர் மனைவி நீரஜா கைப்பையில் இருந்த மாத்திரைகளையெல்லாம் எடுத்துப் பரப்பினாள்.

ஹம்சா அதில் இரண்டு அட்டைகளைத் தனியே வைத்தாள்.

"மாமா, இது ரெண்டும் ஒரே பிரஷர் மருந்து. கம்பெனிதான் வேற. ஹார்ட் டாக்டர் ஒண்ணு எழுதியிருக்கார், சர்க்கரை டாக்டர் ஒண்ணு எழுதியிருக்கார். ரெண்டு மடங்கு சாப்பிட்டுண்டு இருக்கேள். அதான் தலை சுத்தறது."

இதைப் போய் அவர்களிடம் எப்படிச் சொல்வது, தப்பாக நினைத்துக்கொள்வார்களே என்று பரத்வாஜ் நெளிந்தார். ஹம்சாவே இதய டாக்டருக்குப் போன் செய்து, எதை நிறுத்தலாம் என்று கேட்டுச் சொன்னாள். தலையும் தப்பியது, மரியாதையும் தப்பியது.

நீரஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ எதில் ஸ்பெஷலிஸ்ட் ஆகப் போகிறாய் என்று கேட்டாள். அம்பி பலமாக இருமினார். ஹம்சா தேனியைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

"இவ்வளவு கெட்டிக்காரி, வெறும் டாக்டராவா இருக்கப் போறே?" என்றார் பரத்வாஜ்.

"எங்க ஆஸ்பத்திரிக்கு நொச்சிக்குப்பத்துலேர்ந்து முத்தம்மான்னு ஒரு மீன்காரம்மா வருவா, மாமா. கண்ணுக்கு ஒரு இடம், காலுக்கு ஒரு இடம்னு நாள் பூரா அலைவா. ஒரு தடவை என்னை நிறுத்தி, 'ஏம்மா, என்னிய முழுசா பாக்குற டாக்டரு எந்த ரூம்ல கீறாரு?'ன்னு கேட்டா. அப்படி ஒரு ரூமே அங்க இல்லை. அந்த ரூம்ல போய் உட்காரணும்னுதான் இதைப் படிக்கறேன்."

அம்பி மனசுக்குள் மகளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

மறுநாளே தரகர் பதில் கொண்டுவந்தார். பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். அவன் அப்பாதான், ஸ்பெஷலிஸ்டாக இருந்தால்தான் நமக்குச் சரிப்படும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

தலைச்சுற்றலைச் சரிபண்ணிக்கொண்டு போன நன்றிகெட்ட மனுஷன் என்று அம்பி மாடவீதி பூராவும் சொல்லித் திரிந்தார். ஆனாலும் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். ஹம்சா தேனிக்குப் பஸ் ஏறினாள். சந்தோஷம்தான், ஆனால் அந்த மனுஷரை நினைத்தால் மட்டும் வலித்தது.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு காலையில் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில், பருத்திக்காட்டு ஆட்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் நடுவே, கையில் டோக்கனோடு பரத்வாஜ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீரஜா.

ஹம்சாவுக்குக் கோபம்தான் வந்தது. மெட்ராஸில் ஸ்பெஷலிஸ்ட் யாரும் கிடைக்கவில்லையா என்று கேட்டேவிட்டாள்.

"அங்க தடுக்கி விழுந்தா ஸ்பெஷலிஸ்ட்தான். அதான் ராத்திரி பூரா பஸ்ல குலுங்கிண்டு உன்கிட்ட வந்திருக்கேன்."

"அப்புறம் ஏன் மாமா என்னை வேண்டாம்னேள்?"

பரத்வாஜ் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"சரின்னிருந்தா அவன் உன்னை அமெரிக்காவுக்கு அழைச்சுண்டு போயிருப்பான். அவனுக்கு வேற பொண்ணு கிடைச்சுடுவா. எனக்கு வேற டாக்டர் கிடைப்பாளா?"