நகரும் புள்ளி

வெள்ளிக்கிழமை மூன்று மணியானால் போதும், பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, தாம்பரத்தில் இருக்கும் எங்கள் முதலை ஆராய்ச்சி அலுவலகத்துக்கு ஷரீஃபாம்மா வந்துவிடுவார். பேப்பரில் எங்களைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு வருடத்துக்கு முன்னால் முதல்முறை வந்தவர்.

அந்தமானில் ஓர் உவர்நீர் முதலைக்கு நாங்கள் பொருத்திய கருவி, அது இருக்குமிடத்தைக் கம்ப்யூட்டரில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும்.

"இன்னிக்கு எங்க இருக்கு, பத்ரி தம்பி?"

"ஒரு ஓடையில படுத்திருக்கும்மா."

அந்தப் புள்ளியையே பார்த்தபடி, உதடுகள் அசைய, ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு போய்விடுவார். முதலைமேல் இவ்வளவு பிரியமா என்று வியப்பேன். அதை ஏன் பிடித்துக் கருவி மாட்டினோம் என்பதை மட்டும் நான் சொன்னதில்லை. சொன்னால் பயந்துவிடுவார்.

நேற்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அம்மா, அந்தக் கருவியோட பேட்டரி தீரப்போகுது. அடுத்த மாசத்துலேர்ந்து புள்ளி தெரியாது."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நான் எங்க பார்த்து ஃபாத்திஹா ஓதுறது?"

"இறந்தவங்களுக்கு ஓதுறதாச்சே, யாருக்கும்மா?"

"என் மகன் இர்ஃபானுக்கு. அங்க கட்டட வேலைக்குப் போனவன், ஓடையில குளிக்க இறங்கினான். இது அவனை இழுத்துட்டுப் போனதுக்கு அப்புறம்தானே நீங்க பிடிச்சு, கருவி மாட்டி, வேற பக்கம் விட்டீங்க? உடம்பு கிடைக்கவே இல்லை தம்பி. செத்தவங்க எல்லாருக்கும் பள்ளிவாசல் பக்கத்துல கபுர் இருக்கு. என் புள்ளைக்கு இதுதான்."

செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன்.