நடுவில் ஓடும் மெஷின்

“நடுவுல டேப்பு சிக்கிக்கிட்டுதா பாய்?” என்று கேட்டபடி பூலோகம் பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

சிராஜ் நாற்காலி நுனிக்கு வந்தான். “சிக்கல அண்ணாச்சி. அதுவும் பாட்டுதான். ஓட விடுங்க.”

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது பூலோகத்தின் ரெக்கார்டிங் அறை. மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் இப்போது சொந்தமாகக் கேசட் வெளியிடுகிறார். வெறும் டிஸ்கோ இசையாக ஒரு கேசட் போடப்போகிறார், புது ஆட்களைத் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் சிராஜ் தாராவியிலிருந்து வந்திருந்தான். பக்கத்தில், முக்காட்டு நுனியைப் பல்லால் கடித்தபடி அவன் மனைவி ஆபிதா.

கேசட் மறுபடி ஓடியது. திமுதிமுவென்று தாளம், அதன்மேல் வளைந்து வளைந்து போகும் ஒரு மெட்டு. பூலோகத்தின் கால் தன்னால் ஆடியது. திடீரென்று எல்லாம் அடங்கி, ‘கர்ர்... கடக்... கர்ர்...’ என்று பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது.

“என்னது இது?”

“தோலு தைக்கிற மெஷின்” என்றான் சிராஜ். “எங்க பட்டறை மெஷினுதான். பேட்டரி தீந்த டேப்புல ஓட்டுனா இப்படி இழுவையா வரும்.”

“மொதப் பாதி ஏ ஒன் பாய். யாருகிட்ட படிச்சீங்க?”

“நான் பை தைக்கவன் அண்ணாச்சி. இது இவ போட்டது.”

பூலோகம் அப்போதுதான் ஆபிதாவை நிமிர்ந்து பார்த்தார்.

பஹ்ரைனிலிருந்து அண்ணன் கொண்டுவந்த சின்னக் கேசியோ கீபோர்டு ஒன்று அவளிடம் இருந்தது. கூடவே இரண்டு டேப் ரெக்கார்டர்கள். ஒன்றில் தாளத்தைப் பதிந்து, அதை ஓடவிட்டு மேலே வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொன்றில் பதிவாள். பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவள் ஸ்டூடியோ. அவள் டேப்பைத் தொட்டாலே சிராஜ் ஏணியில் இறங்கி டீக்கடைக்குப் போய்விடுவான். தொந்தரவு செய்யக் கூடாது என்று போகிறான், எத்தனை நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வாள்.

பூலோகம் தாடையைத் தடவினார். “சரி. கேசட்ல சேத்துக்கிடலாம். ஆனா ரெண்டு வேல பாக்கணும். அந்த மெஷின் சத்தத்த வெட்டிரணும். கேக்கவன் கேசட்டு கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொண்டாந்துருவான். அப்புறம், அட்டையில ஒங்க பேரப் போட்டுருவோம் பாய். பொம்பள டிஸ்கோ போட்டான்னா எவன் நம்புவான்?”

ஆபிதா முக்காட்டு நுனியைப் பல்லிலிருந்து விட்டாள். வெட்டினால்தான் என்ன? யார் பேரில் வந்தால் என்ன? தான் போட்ட தாளம் மாட்டுங்கா கேசட் கடைகளில் ஒலிக்குமே! சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

“வெட்ட முடியாது” என்றான் சிராஜ்.

“பாய்...”

“மெஷின் சத்தந்தான் அண்ணாச்சி இதுக்கு உசுரு. அது ஓடி நிக்கும்போதுதான், அம்புட்டு நேரமும் ஆடுனது எதுக்குன்னு தெரியும்.”

ஆபிதா திகைத்துப்போனாள். எப்போதோ சோறு போடும்போது அவள் சொன்னது அது. அவன் காதில் விழுந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“பேரயும் மாத்தப்பிடாது. நான் ஒத்தக் கட்டையக்கூட அமுக்குனதில்ல. அப்புறம் எம் பேரு எதுக்கு?” சிராஜின் குரல் ஏறிக்கொண்டே போனது. “பொம்பள போட்டா நம்பமாட்டாம்னா, நம்பாதவன் வாங்க வேண்டாம்!”

“அரே பாய், கைக்கு வந்த சான்ஸக் கால்ல எத்துறீங்களே! தங்கச்சி, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா.”

ஆபிதா எழுந்தாள். டேப் ரெக்கார்டர் கதவைத் திறந்து கேசட்டை உருவினாள்.

“அந்த மெஷின் சத்தத்துக்காகத்தான் அண்ணாச்சி மிச்சத்தயெல்லாம் போட்டேன். எம் பேருல, இப்படியே போடுறதா இருந்தா சொல்லி விடுங்க. வாறோம்.”

“இப்படியே வச்சிருந்தா ஒருத்தனும் கேக்கமாட்டான்!” பூலோகம் கத்தியது படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்தது.

பஸ் ஸ்டாப்பில் வெயில் கொளுத்தியது. சிராஜுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

“எவன் கேக்கமாட்டான்? நாளைலேருந்து நம்ம பட்டறையில பூட்டத் தொறந்ததுலேருந்து அடைக்கிற வரைக்கும் இதான் ஓடும். சரக்கெடுக்க வாற சேட்டுமாரெல்லாம் கேட்டுட்டுத்தான் போகணும். பிடிக்காதவன் காதப் பொத்திக்கிடட்டும்!”

ஆபிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் பாட்டுக்காக இப்படி ஒருத்தர் மல்லுக்கு நின்று அவள் பார்த்ததே இல்லை. கைக்குள் கேசட்டை இறுக்கிக்கொண்டு ஆசையாகக் கேட்டாள்.

“ஏங்க, இதுல ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எந்த எடம்?”

சிராஜ் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

“ஒரு எடமும் பிடிக்காது, புள்ள.”