காதில் பஞ்சு

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம விடப்போறதில்ல" என்று சேலையை இழுத்துச் செருகினாள் சத்யப்ரியா.

அழகுபாண்டிக்குக் கேட்கவில்லை. அவன் காதில் ஒயர். போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் முத்துமீனா காதிலும் ஒயர். அவ்வளவு ஏன், காலையிலிருந்து போர்வை துவைத்து, ஒட்டடை அடித்து, பரணைத் துடைத்த சத்யப்ரியாவின் காதிலும் ஒயர்தான். வாரம் முழுக்க விட்டுப்போன சீரியலை ஞாயிற்றுக்கிழமை வேலையோடு வேலையாகக் கேட்டு முடித்துவிடுவாள். பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. மார்கழி வெயிலை நம்பி மாடியில் போட்ட போர்வை எப்போது காயுமோ என்ற கவலை வேறு.

அந்த ஒயரையும் மீறிக்கொண்டு பக்கத்து வீட்டு டிவி கத்தியது.

கணவன் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கினாள்.

"ஏங்க, கேக்குதா உங்களுக்கு? கபடி கபடின்னு வீடே அதிருது!"

"துளசிராம் அண்ணனுக்குக் காது மந்தமாயிருக்கும். விடுடி."

"நாம பொறுத்துக்கலாம். மாமாவ நெனச்சுப் பாத்தீங்களா? அவரு ரூமை ஒட்டித்தான அந்தச் சுவரு? கண்ணு தெரியாம கெடக்குற மனுசன், பொறுக்க மாட்டாம சுவத்தத் தட்டுறாரு. தட்டுனா கொறைக்கணுமா இல்லையா? இன்னும் கூட்டி வைக்கிறாங்க! எம்புட்டுக் கொழுப்பு!"

அவள் சொல்லி முடிக்கவில்லை. உள்ளறையில் 'டொக்' என்று சுவரில் ஒரு தட்டு. அடுத்த நொடி பக்கத்து வீட்டில் சத்தம் இன்னும் கூடியது.

"பாத்தீங்களா?"

அழகுபாண்டி மறுபடி ஒயரை மாட்டிக்கொண்டான்.

சத்யப்ரியாவுக்கு மாமனார் விருமாண்டி மேல் பாசம் உண்டு. சர்க்கரையில் பார்வை போய்த் திருமங்கலத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, வெந்நீர் எதிலும் குறை வைத்ததில்லை. வீட்டிலும் சத்தம் கிடையாது. ஆளுக்கொரு போன் வந்ததும் டிவியைக் கழற்றிப் பரணில் போட்டாகிவிட்டது. 'எங்க வீட்டுல ஆள் இருக்குறதே வெளிய தெரியாது, அம்புட்டு அமைதி' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சிம்மக்கல் சந்தில் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இந்தப் படி இறங்கி அந்தப் படி ஏறினால் போதும். ஏறினாள்.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் டிவி மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எதிரில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. துளசிராம் வாசலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு காதிலும் பொதபொதவென்று பஞ்சு.

சொந்த டிவிக்குச் சொந்தக் காதையே அடைத்துக்கொண்டு அடுத்தவனைக் கெடுக்கிறார்களே, இப்படியும் உண்டா உலகத்தில்! சத்யப்ரியாவுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஹம்சவேணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இடுப்பில் டிவி ரிமோட் செருகியிருந்தது.

"வா சத்யா. காபி போடவா?"

"காபியெல்லாம் வேணாங்க்கா. பாக்க ஆளே இல்லாம இம்புட்டுச் சத்தமா எதுக்கு டிவி? எங்க மாமாவால படுக்க முடியல. சுவத்தத் தட்டித் தட்டி அவரு கையே ஓஞ்சுபோச்சு."

ஹம்சவேணி முகம் மாறியது.

"மாமா ஏதாச்சும் சொன்னாரா?"

"அவரு வாயத் தொறந்து கொறை சொல்ற ஆளா? நாமதான் பாத்துச் செய்யணும்."

ஹம்சவேணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

"தப்பா நெனச்சுக்காத சத்யா."

சத்யப்ரியாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கென்று பத்து வாக்கியம் தயார் பண்ணி வந்தவள், மூன்றுதான் செலவழித்திருந்தாள்.

நல்ல செய்தியைச் சொல்ல, சூடாகச் சுக்குக் காபி போட்டு மாமனார் அறைக்கு எடுத்துப் போனாள்.

விருமாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். காதைச் சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டு, 'டொக்' என்று ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு.

"இனிமே தட்ட வேணாம் மாமா. நான் போயி நிப்பாட்டிட்டேன். நிம்மதியாப் படுங்க."

தட்டப்போன கை சுவரிலேயே நின்றது.

"நீயா தாயி நிப்பாட்டுன?"

"ஆமா மாமா. நீங்க எம்புட்டு நாளாத் தட்டிக்கிட்டிருக்கீங்க!"

"அது சரி... கடைசி ரெண்டு நிமிசந்தான் பாக்கி. ரெண்டு பாயிண்டு பின்னால கெடந்தோம்."

சத்யப்ரியாவுக்குப் புரியவில்லை.

"போன மாசம் ஒரு நா கபடி ஓடயில அந்தப் பக்கம் சத்தம் கொறஞ்சுபோச்சு. ஆவல் தாங்காம சுவத்துல ஒரு தட்டுத் தட்டிப்புட்டேன். ஒடனே கூட்டி வச்சாக. அதுலருந்து நான் தட்டுனா அவுக கூட்டுவாக. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல தாயி."

அவள் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்காகத்தான் வைக்கிறாகன்னு ஒனக்குத் தெரியாதுல்ல. நீ என்ன செய்வ" என்றார் விருமாண்டி. "நம்ம வீட்டுலதான் ஆளு இருக்குற சத்தமே கேக்க மாட்டேங்குதே."

துளசிராம் காதிலிருந்த பஞ்சு அவள் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"ஏங்க! பரண்ல கெடக்குற டிவிய எறக்குங்க!" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பதில் இல்லை.

"முத்துமீனா! அப்பாவக் கூப்புடு!"

அதற்கும் பதில் இல்லை.

சத்யப்ரியா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தானே ஒரு தட்டுத் தட்டி, "டிவியப் போடுங்கக்கா!" என்று குரல் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் உடனே கேட்டது. கபடி... கபடி... கபடி...