அப்பா காது

"காது மெஷின்ல சார்ஜ் போச்சும்மா. நீ பேசு" என்று காதைத் தட்டிக் காட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார் மாமனார்.

மருமகளுக்கு நிம்மதி. இருப்பது ஒரே ஹால். போனில் அக்கா. பிறகென்ன, மடை திறந்தது. தினமும் தும்மலில்தான் ஆரம்பம்.

"மனுஷன் தும்மினா பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் திறந்து பாக்குறாங்க அக்கா. குறட்டை அதுக்கு மேல. பிஞ்சுபோன செருப்பைத் தூக்கிப் போட விடமாட்டேங்கிறார். சேச்சே, கேக்காது. மெஷின் செத்துப்போச்சு."

பேசி முடித்து அவர் தோளைத் தட்டினால், கண்ணைத் திறந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"மழை விட்டுருச்சாம்மா?"

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்.

'உங்க அப்பாவுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறுதுங்க' என்று கணவனிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

அன்றைக்குப் பாதிப் பேச்சில் அவள் போன் அணைந்துவிட்டது. சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்கிறது. ஸ்டூலில் கிடந்த மாமனாரின் போனை எடுத்தாள். திரை விழித்துக்கொண்டது.

இணைந்துள்ள கருவி: அப்பா காது. சார்ஜ் 90%.

மெஷின் வாங்கிய அன்று, போனில் அதற்குக் கணவன் வைத்த பெயர். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறா? அப்படியானால் இத்தனை நாளும்? தும்மல், குறட்டை, செருப்பு எல்லாம்?

நேரே உள்ளே போனாள். கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, உங்க அப்பா காது கேக்காத மாதிரி நடிச்சு ஒட்டுக் கேக்குறார். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிப்பேன்? இனிமே இந்த வீட்ல வாயே திறக்கமாட்டேன்."

"நீயா?"

"சிரிச்சீங்க, கெட்ட கோபம் வரும். இதப் பாருங்க. போன் பொய் சொல்லுமா?"

வாங்கிப் பார்த்தவன், "கீழ இன்னொரு வரி இருக்கே, படிச்சியா?" என்றான்.

ஆத்திரத்தில் அவள் கண்ணில் படாத வரி.

இப்போது ஒலிப்பது: கனமழைச் சத்தம், 3 மணி நேரம்.

இருவரும் ஹாலுக்கு வந்தார்கள். கணவன் போனைத் தொட்டு, அப்பாவின் காது மெஷினில் பெய்துகொண்டிருந்த மழையை நிறுத்தினான். பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"மழை விட்டுருச்சாம்மா?"

"சார்ஜ் இருக்கே மாமா" என்றாள்.

பெரியவர் திருதிருவென்று முழித்தார். "மெஷினைக் கழட்டி வச்சும் பாத்தேம்மா. உன் குரல் அதையும் தாண்டி வருது. முட்டி வலில எந்திரிச்சு வெளிய போகவும் முடியல. முதல் நாள் தும்மல் வரைக்கும்தான் கேட்டேன். அதுக்கப்புறம் எல்லாம் மழைதான்."

"அதுக்கு எதுக்கு மாமா சார்ஜ் போச்சுன்னு பொய்?"

"இல்லேன்னா நீ மனசு விட்டுப் பேசுவியா?"

கணவனின் போன் அடித்தது. அக்காதான். பாதியில் நின்ற கதையால் அங்கே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது.

பெரியவர் பழக்கதோஷத்தில் மழையைப் போடத் தன் போனுக்குக் கை நீட்டினார். மருமகள் அதைக் கணவன் கையிலிருந்து வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மழை வேணாம் மாமா. நான் பேசப் போறத நீங்களும் கேளுங்க."