ஒற்றைவீட்டில் ஒரு தனிக்குடித்தனம்

அந்தக் குக்கிராமத்துக்கு ஒற்றைவீடு என்று பெயர். பெயருக்கேற்றபடி அங்கே எப்போதும் ஒரே வீடுதான் இருந்தது. இரண்டாவதாக ஒன்று கட்டினால் நிலைக்காது என்றார்கள்.

தனிக்குடித்தனம் போக ஆசைப்பட்ட மருமகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஊர் பேருக்குப் பயந்துக்கிட்டு காலம் பூரா நான் உங்க அம்மா அடுப்படியிலயே நிக்கணுமா?" என்று கணவனின் வாயை அடைத்துவிட்டு, கொத்தனாரை வரவழைத்தாள். தோட்டத்தின் மறுகோடியில் புதுவீடு எழும்பியது. நன்றாகவே நின்றது.

குடிபோகும் நாளன்று காலையில் அதன் கதவைத் திறந்தாள். உள்ளே மாமியாரின் சமையலறை இருந்தது. அதே கரிபிடித்த சுவர், அதே ஆடும் அலமாரி. மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மருமகள் திரும்பிப் பார்த்தாள். தோட்டத்தின் அந்தப் பக்கம், பழைய வீடு இருந்த இடத்தில், புல் முளைத்திருந்தது.

"நான்தான் சொன்னேனேம்மா, இந்த ஊருக்கு ஒரு வீடுதான்" என்றார் மாமியார், நிமிராமலே.

"ஒண்ணே இருக்கட்டும் அத்தை. ஆனா இது நான் கட்டினது."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய், மாமியாரின் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"விருந்தாளி வேலை செய்யக்கூடாது. உட்காருங்க."

எங்கே உட்காருவது என்று தெரியாமல் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.