குத்துவாள் மறைத்த வயது

பழம்பொருள் கடையில் ஒரு ஜப்பானியக் குத்துவாள் இருந்தது. யார் கேட்டாலும், "எனக்கு ஐம்பது வயசுதான். பழம் நறுக்கச் செஞ்சாங்க" என்று சொல்லிவிடும்.

ஒருநாள் அதன் வயதைக் கண்டுபிடிக்க நிபுணர் ஒருவர் வந்தார். கைப்பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்திருந்த இரும்பின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தார்.

"அங்கே மட்டும் பார்க்காதீங்க, அண்ணே" என்று குத்துவாள் கெஞ்சியது.

"பார்க்கிறதுதானே என் வேலை" என்றது பூதக்கண்ணாடி. "அடேயப்பா, துரு இப்படிக் கறுத்திருக்கே! நானூறு வயசுக்குக் குறையாது. கொல்லன் பேரு, ஊரு எல்லாம் வெட்டியிருக்கு. போர்வீரர் வீட்டுப் பெண் இடுப்பில் செருகிக்கொள்ளும் வாள். இந்தப் பெருமையைப் போய் ஏன் மறைச்சே?"

"அன்னைக்கு எதிரிகள் வாசலுக்கு வந்துட்டாங்க. என்னை இடுப்பில் செருகியிருந்தவளுக்குப் பதினாறு வயசு. தன் கழுத்தை அறுத்துக்க என்னைத்தான் எடுத்தா."

பூதக்கண்ணாடி அதைக் காதில் வாங்கவே இல்லை. "விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை!" என்று பூரித்தது.

மறுவாரம் குத்துவாளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டினார்கள். பக்கத்து அட்டையில் கொல்லன் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் இருந்தன. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்க்க வந்தவர்கள், "என்ன அழகு!" என்றார்கள்.

இத்தனை காலம் அவள் பெயரைச் சொல்லாத குத்துவாள் அன்று கத்தியது. "அவ பேரு சாயோ!"

பேழைக்கு வெளியே யாருக்கும் கேட்கவில்லை.