டாக்டர் கேட்ட மன்னிப்பு

"அந்த டாக்டர் மேல கேசு போடணும்மா. எம்புட்டுச் செலவானாலும் சரி."

வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டான் முனியராஜ். பக்கத்தில் அவன் மனைவி பாண்டிச்செல்வி, கைத் தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

விருதுநகரில் வக்கீல் சுகிர்தாவின் ஆபீஸ் அது.

"மொதல்ல தண்ணி குடிங்க. என்ன நடந்துச்சு?"

"பட்டாசுக் கம்பெனியில தீப்பொறி பட்டு இவ கை வெந்துருச்சும்மா. கம்பெனி கிளார்க்கு வேன்ல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. அங்கன, வெந்த கையோட மணிக்கணக்கா பெஞ்சுல உக்கார வச்சிருக்காக. பின்னால வந்தவகளை எல்லாம் பாத்திருக்காரு அந்த டாக்டரு!"

"ஏங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ சும்மா இரு புள்ள. அடிச்சவனுக்கே கும்பிடு போடுற ஆளு நீ."

வக்கீல் அவள் கையைப் பார்த்தாள். "இப்ப எப்படிம்மா இருக்கு?"

"மாரியம்மன் புண்ணியத்துல ஆறிருச்சும்மா. தண்ணிக் கொடம் கூடத் தூக்குறேன்."

"பாத்தீகளா! இப்பிடிப் பேசுனா கேசு நிக்குமா?" என்று தலையில் அடித்துக்கொண்டான் முனியராஜ்.

"கம்பெனியில எத்தனை வருசமா இருக்காங்க?"

"வேலை இவளோடது இல்லம்மா, என் தங்கச்சியோடது. அவளுக்கு இப்பத்தான் பிள்ள பொறந்திருக்கு. தீபாவளி சீசன்ல போகலைன்னா எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாக. அதான் இவளை அவ எடத்துல உக்காரச் சொன்னேன். போர்மேன் தெரிஞ்சவரு, கண்டுக்கல. ஆபீசுக்குத் தெரியாது."

சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு பெருமை.

"சரி, டாக்டர் மேலதான் தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அவரே ஒத்துக்கிட்டாரே! நான் போயிச் சத்தம் போட்டேன். 'தாமதமாயிருச்சு, மன்னிச்சிருங்க'ன்னு தலையக் குனிஞ்சாரு. கம்பெனி கிளார்க்கு பக்கத்துலதான் நின்னாரு, அவரே சாட்சி. தப்புப் பண்ணாதவரு எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கணும்?"

வக்கீல் பாண்டிச்செல்வி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. உங்க பேரைக் கூப்பிடவே இல்லையா?"

"எம் பேரைக் கூப்பிடலம்மா." அவள் புருசனை ஒரு பார்வை பார்த்தாள். "இவுக தங்கச்சி பேரைத்தான் கூப்பிட்டாக."

"என் தங்கச்சி பேரையா?"

"கிளார்க்கு அந்தப் பேரைத்தானே சொல்லிட்டு வெளிய போனாரு? அவருக்கு நான்தான மாரிசெல்வி! ஒரே காய்ச்சக் கூட்டம். ஈரத்துணியைக் கையில சுத்திக்கிட்டு மூலையில கெடந்தேன். நர்சம்மா 'மாரிசெல்வி, மாரிசெல்வி'ன்னு தொண்டை கிழியக் கூப்பிடுறாக. பச்ச ஒடம்புக்காரி என்னத்துக்கு இங்கன வந்தான்னு நான் வாசலையே எட்டி எட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன்."

வக்கீலால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கடைசியில டாக்டரே வெளிய வந்து, என் கையைப் பாத்துட்டு உள்ள கூட்டிட்டுப் போனாரு. பயந்துபோயி எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன். 'வலி உனக்குத்தானம்மா, கையக் காட்டு'ன்னாரு. பூப்போல மருந்து போட்டாரு."

முனியராஜின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப, நான் அம்புட்டுப் பேரு முன்னால கத்தினப்ப, அந்த மனுசன் இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்வாரு? பக்கத்துல கிளார்க்கு நிக்காரு. உண்மையைச் சொன்னா ஒங்க தங்கச்சி வேலை போயிருமேன்னுதான், அவரு ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாரு."